இன்டர்லாக் கல்லில் கிளிங்கரைக் குறைப்பது: நானோ எங்கே கட்டுப்படியாகும், எங்கே ஆகாது

குமரி மாவட்டம் கேரளத்தைத் தொடும் எல்லை களியக்காவிளை. அதற்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. எங்கே போனாலும் இன்டர்லாக் விரிக்காத முற்றம் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் கல்லை வார்த்து விற்கும் சின்ன யூனிட்டுகளுக்காக எழுதியது இது. சிமெண்டைக் குறைத்து வார்ப்பதென்றால் எதைக் கலப்பது? நானோ சிலிக்கா, கிராஃபீன் என்று கேனோடு வந்து நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது?

சிமெண்ட் மூட்டைக்குள் நமக்குக் கணக்கு கிளிங்கர்தான்: சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டி. அதை அரைத்துத்தான் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறக்குறைய 850 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் உடையும்போது கல்லிலிருந்தே வருவது. சூளைக்கு என்ன எரிபொருள் போட்டாலும் அந்தப் பங்கு நிற்காது. ஆகவே கிளிங்கருக்குப் பதில் வேறு பொடி போடுவதே வழி. அப்படிப் போட்டால் முதலில் அடிவாங்குவது முதல் நாள் பலம். 28-ம் நாள் பலத்தை மீட்க ஆயிரம் வழி இருக்கிறது. மறுநாள் காலை மோல்டைக் கவிழ்த்தால் மூலை உடையாமல் கல் வர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். நானோ பொருட்கள், அதாவது சிமெண்டைவிடப் பல மடங்கு நுண்ணிய துகள்கள், உண்மையில் உதவுவதும் அந்த முதல் நாளில்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி முடிவுகள் தானாக வரிசைக்கு வரும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மெஷின். ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருந்தால் கலவை ஈர மண் பதத்தில் இருக்கும். அழுத்திய நொடியே கல் பலகைக்கு வந்துவிடும். மோல்டு காத்துக்கிடப்பதில்லை. அங்கே நானோ சிலிக்காவுக்கு வேலையும் குறைவு, கலங்கிப் பரவத் தண்ணீரும் குறைவு. பாறைப்பொடியில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிரஸ் யூனிட்டுக்கு எங்கள் பதில் ஒரே வரிதான்: சிமெண்டுக்குப் பதில் போடும் அனல் மின் நிலையச் சாம்பலை (ஃப்ளை ஆஷ்) கூட்டுங்கள், அடுக்கில் நாலைந்து நாள் அதிகம் வைத்து நனையுங்கள், நானோவுக்குக் காசு போடாதீர்கள். இனி வருவதெல்லாம் பிவிசி அல்லது ரப்பர் மோல்டில் ஊற்றி, வைப்ரேட்டிங் டேபிளில் தட்டி, 24 மணி நேரத்தில் கழற்றும் பளபளப்புக் கல் யூனிட்டுகளுக்கு.

தூத்துக்குடிச் சாம்பலும் சிலிக்கா சோலும்

நம் பகுதிக்கு மிகப் பக்கத்தில் கிடைக்கும் மாற்றுப் பொடி தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பல். திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக மார்த்தாண்டத்துக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஸ்லாக், அதாவது இரும்பு உருக்காலைக் கசடை அரைத்த பொடி, வேண்டுமென்றால் சேலம் பக்கமிருந்து வர வேண்டும். தூரம் மூன்று மடங்கு. இங்கே சாம்பலை முதலில் வைப்பதற்கு வேதியியலைவிட லாரி வாடகைதான் பெரிய காரணம்.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டையில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்று ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. அதன் மேல் நீங்களும் 30 சதவீதம் போட்டால் கிளிங்கர் பாதிக்கும் கீழே போய்விடலாம். எவ்வளவு கீழே என்பது உங்களுக்கே தெரியாது. கலக்கப்போகிறவர் சாம்பல் கலக்காத ஓபிசி 53 மூட்டையிலிருந்து தொடங்க வேண்டும். சாம்பலும் ஐ.எஸ். 3812 பகுதி 1-க்கு ஒத்த, உலர்ந்த, சைலோவில் பிடித்த சாம்பலாக இருக்க வேண்டும். குளத்தில் கொட்டி வாரிய சாம்பல் பருக்கை அதிகம், ஈரம் அதிகம். நிரப்புக்கு ஆகும், சிமெண்டின் இடத்துக்கு ஆகாது.

வீட்டு முற்றத்தில் கார் ஏறும் 60 மி.மீ. கல்லுக்கு நடைமுறையில் எம்35 (28-ம் நாள் பலம் 35 மெகாபாஸ்கல்) கேட்பார்கள். ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ பைண்டர் (சிமெண்டும் சாம்பலும் சேர்ந்தது), தண்ணீர்-பைண்டர் விகிதம் 0.36 என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதச் சாம்பலில் கல் மறுநாள் சுத்தமாகக் கழன்றுவிடும். 40 சதவீதத்துக்குப் போனால் வெயில் நாளில் சமாளிக்கலாம். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்து, ஷெட்டுக்குள் ஈரமும் குளிர்ச்சியும் ஏறிய நாளில் 24 மணி நேரத்தில் கழற்றினால் மூலைகள் மோல்டிலேயே தங்கும். சாம்பல் தானாகக் கெட்டியாவதில்லை. சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து விடும் சுண்ணாம்புக்காகக் காத்திருந்துதான் வேலை தொடங்கும். அதற்கு நாட்கள் ஆகும்.

இங்கேதான் கூழ்ம நானோ சிலிக்கா, வியாபாரத்தில் சிலிக்கா சோல், நுழைகிறது. இது தண்ணீரில் மிதக்கும் சிலிக்காத் துகள்; பெரும்பாலும் 10 முதல் 20 நானோமீட்டர். 12 நானோமீட்டர் துகள் என்றால் ஒரு கிராமுக்குப் பரப்பு சுமார் 225 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஐந்தரை சென்ட். அரை கிலோவுக்கு 27 ஏக்கருக்கு மேல் வரும். சிமெண்டுக்கு இதே பரப்பு கிராமுக்கு அரை சதுர மீட்டர்கூட இராது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகிக் கெட்டியாகும் சி-எஸ்-எச் (கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்) கூழ் சிமெண்ட் துகள் மேல் மட்டும் வளராமல் இந்தப் பரப்பு முழுக்க விதை பிடித்து வளர்கிறது. சுண்ணாம்பையும் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் முதல் மூன்று நாளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 28, 90 நாளில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். 28-ம் நாள் பலத்துக்காக மட்டும் இதை வாங்குவது வீண் செலவு.

அளவு: பைண்டரின் எடையில் 1 சதவீதம் திடப்பொருள். 50 கிலோ பைண்டருக்கு 500 கிராம். கேனில் வருவது 30 சதவீதக் கரைசல் என்றால் 1.67 கிலோ, ஏறக்குறைய 1.4 லிட்டர். அந்த 1.67 கிலோவுக்குள் 1.17 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 18 லிட்டர் கலவைத் தண்ணீரிலிருந்து அதைக் கழித்து 16.8 லிட்டர் ஊற்ற வேண்டும். இந்தக் கழிவைச் செய்யாமல் சோலைக் கூடுதலாக ஊற்றிவிட்டு ‘நானோ போட்டும் பலம் ஏறவில்லை’ என்பார்கள். ஏறிய பலத்தை அதிகத் தண்ணீர் தின்றிருக்கும். 3 சதவீதத்துக்கு மேல் போவதில் பொருளில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலம் இறங்கத் தொடங்கும்.

கேன் வாங்கியதும் செய்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் சோல் விட்டால் லேசாக நீலம் ஓடிய தெளிவாக நிற்கும். அதில் ஒரு சிட்டிகை சிமெண்ட் தூவிக் கலக்குங்கள். பால் திரிவது போலத் திரிதிரியாகப் பிரியும். சிமெண்டிலிருந்து கரையும் கால்சியம்தான் காரணம். பான் மிக்ஸருக்குள்ளும் இதேதான் நடக்கிறது; சோல் சிமெண்டைத் தொட்ட பிறகு அதைப் பரப்ப உங்களுக்கு இருப்பது ஒன்றிரண்டு நிமிடம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சிமெண்ட் படும் முன்பே, வாளியில் வைத்திருக்கும்போதே கெட்டிப்படலாம். அங்கே மழைநீரோ நல்ல தண்ணீரோதான் பிடித்து வைக்க வேண்டும். அதையும் பேட்ச் போடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். ஜல்லி, எம்-சாண்டோடு பாதித் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் சுற்றவும். சிமெண்டும் சாம்பலும் போடவும். மீதித் தண்ணீரில் கரைத்த சோலைச் சிறு தாரையாக, மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊற்றவும். ஒரு நிமிடம் கழித்து, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிசிஇ அட்மிக்ஸ்சர் கடைசியாக. அத்தனை பெரிய பரப்பும் தண்ணீரைக் குடிக்கும், அட்மிக்ஸ்சரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கலவை இறுகும். ‘டைட்டா இருக்கு’ என்று வேலையாள் ஒரு மக் தண்ணீர் விட்டால் எல்லாம் போச்சு. அட்மிக்ஸ்சர் அளவைக் கூட்டித்தான் இளக்கம் மீட்க வேண்டும்.

தூள் நானோ சிலிக்காவை வாங்க வேண்டாம். விலை மலிவாகத் தோன்றும். ஆனால் காய்ந்த தூள் மிக்ஸருக்குள் பிரியாது. கல்லின் முகத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கட்டிகள் பிறகு சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து ஜெல்லாகி ஊதி, சுற்றிலும் மயிரிழை வெடிப்பு விடலாம். ஷெட்டில் பறப்பதை மூச்சில் இழுப்பதும் சரியில்லை. இன்னொரு தொல்லை சுருக்கம்: நானோ போட்ட கலவை உள்ளுக்குள்ளேயே தண்ணீரை வேகமாக இழுத்துச் சுருங்கும். தட்டி முடித்த அரை மணிக்குள் மேலே பாலிதீன் போர்த்தாவிட்டால், பளபளப்பு முகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சிலந்தி வலை போல வெடிப்பு.

இப்போது காசுக் கணக்கு. 25 சதவீதச் சாம்பலிலிருந்து 40-க்குப் போனால் 50 கிலோவில் 7.5 கிலோ சிமெண்ட் மிச்சம். சிமெண்ட் கிலோ 7 ரூபாய், சாம்பல் வந்து இறங்க 2 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 37.50. அதை 1.67 கிலோ சோலுக்குப் பங்கிட்டால், சோல் கிலோ 22 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் மட்டுமே சிமெண்ட் சேமிப்பால் கட்டுப்படி. உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள்; சோல் விலை அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கும் என்பது எங்கள் கணிப்பு. அப்படியானால் அது சம்பாதிக்க வேண்டிய இடம் மோல்டு. 40 சதவீதச் சாம்பல் 48 மணி நேரம் கேட்டால், அதே உற்பத்திக்கு மோல்டு இரண்டு மடங்கு வேண்டும். இன்னொரு செட் மோல்டு ஒருமுறைச் செலவு. சோல் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செலவு. இடம் இருப்பவர் மோல்டு வாங்கலாம். ஷெட் நிறைந்தவர் மழை மாதங்களில் மட்டும் சோல் போட்டு, மாசி பங்குனி வெயிலில் நிறுத்திவிடலாம்.

கரிமக் கணக்கும் இதே மாதிரிதான். ஒரு கன மீட்டரில் 60 கிலோ சிமெண்ட் குறைந்தால் சுமார் 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம். போடும் நானோ சிலிக்கா 4 கிலோ. அந்தச் சிலிக்காவின் ஒரு கிலோவுக்குப் பின்னால் 12 கிலோவுக்கு மேல் உமிழ்வு இருந்தால் லாபமெல்லாம் பூஜ்யம். விற்பவரிடம் கேட்க வேண்டிய எண் இது ஒன்றுதான். ‘பசுமை’ என்று கேனில் ஒட்டியிருப்பதை அல்ல.

சோலைவிட எளிய வழியும் உண்டு. சி-எஸ்-எச் விதைத் திரவம் என்று விற்கிறார்கள். சிமெண்ட் வளர்க்க வேண்டிய கூழையே நானோ அளவில் முன்கூட்டிச் செய்து தருவது. இது சிமெண்டின் கால்சியத்தில் திரிவதில்லை, கலவையையும் அவ்வளவு இறுக்காது. முதல் நாள் மட்டும்தான் பிரச்சினை என்றால், ஒரே விலைக்குக் கிடைக்கும்போது சோலை விட்டு இதை எடுக்கலாம்.

ஸ்லாக்

ஸ்லாக் சிமெண்டில், ஐ.எஸ். 455-இன்படி, ஸ்லாக் 25 முதல் 70 சதவீதம் வரை போகலாம். கிளிங்கர் குறைப்பில் சாம்பலைவிட இது தாராளம். கல்லும் வெளுத்த நிறத்தில் வருவதால் மஞ்சள், சிவப்புச் சாயம் நன்றாக எடுபடும். முதல் நாள் சோம்பல் இதற்கும் உண்டு, விதைத் திரவம் இதற்கும் நன்றாக வேலை செய்யும். நம் பகுதிக்குத் தடை தூரம்தான். ஸ்லாக் சிமெண்ட் மூட்டையாகக் கடையில் கிடைத்தால் எடுங்கள். ஸ்லாக் பொடியை லோடாக இறக்கத் திட்டமிடுகிறவர் முதலில் வாடகை கேட்டுக்கொள்ளட்டும்.

எல்சி3: சுட்ட களிமண்

எல்லைக்கு அந்தப் பக்கம் தோன்னைக்கல், குண்டறா வட்டாரங்களில் சீனக் களிமண் உண்டு. காகிதத்துக்கும் பீங்கானுக்கும் ஆகும் வெள்ளைக் களிமண் தேவையில்லை. கயோலினைட் என்ற களிமண் கனிமம் 40 சதவீதம் இருக்கும் மட்டமான மண்ணே போதும். அதை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டு, 50 கிளிங்கர், 30 சுட்ட களிமண், 15 சுண்ணாம்புக்கல் பொடி, 5 ஜிப்சம் என்று அரைத்தால் எல்சி3. கிளிங்கர் சூளைக்கு வேண்டியது 1450 டிகிரி. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகம், கியூபா, நம் ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்த இதற்கு 2023-இல் ஐ.எஸ். 18189 என்று தரநிர்ணயமும் வந்துவிட்டது.

இதில் நானோ சிலிக்கா வேண்டாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. சுட்ட களிமண்ணே சுண்ணாம்பை வேகமாகத் தின்று தீர்த்துவிடும். சிலிக்காவுக்குத் தட்டில் எதுவும் மிஞ்சாது. எல்சி3 ஏற்கெனவே தண்ணீரும் அட்மிக்ஸ்சரும் அதிகம் கேட்கும். நானோ போட்டால் மோல்டுக்குள் வழிந்து நிரம்பாது. மூட்டையாகக் கிடைக்கும் மெட்டாகயோலின் (சுட்ட சீனக் களிமண் பொடி) வாங்கி நீங்களே கலக்கலாம்: மெட்டாகயோலின் இரண்டு பங்கு, சுண்ணாம்புக்கல் பொடி ஒரு பங்கு. பொதுவாக மெட்டாகயோலின் சிமெண்டைவிட விலை அதிகம், அதனால் இது சேமிப்புக்கான வழியாகாது. மண்ணில் இரும்பு இருந்தால் நிறமும் செம்மை தட்டும்.

எல்சி3-க்கு மெய்யான பலம் உப்புக்காற்று. குளோரைடு உள்ளே போகும் வழியை அது நன்றாக அடைக்கிறது. ஆனால் இன்டர்லாக் கல்லில் கம்பியே இல்லை. துருப்பிடிக்க என்ன இருக்கிறது? கடலோரத்துக்குக் கம்பி போட்ட ஸ்லாபு, வேலித்தூண், கிணற்று உறை வார்ப்பவர்தான் இதைத் தேட வேண்டும். அவர்களும் கம்பியை மூடும் கான்கிரீட் கனத்தை (கவர்) குறைக்கக்கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுழைவதை இது ஓபிசி அளவுக்குத் தடுப்பதில்லை.

காரம் ஊற்றிய ஜியோபாலிமர்

சிமெண்டே இல்லாமல், சாம்பலையும் ஸ்லாக்கையும் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட் கொண்டு கெட்டியாக்குவது. முன்வார்ப்புப் பொருட்களுக்கு ஐ.எஸ். 17452 என்ற 2020 வழிகாட்டியும் உண்டு. காகிதத்தில் எல்லாவற்றையும் வெல்லும். நம் ஊரில் இரண்டு இடத்தில் தோற்கும். ஒன்று, கையாளுதல்: 10 மோலார் கரைசல் என்றால் ஒரு லிட்டரில் 400 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே தொட முடியாத சூடு வரும் என்பதால் முந்தின நாளே கரைத்து ஆறவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. தினக்கூலிக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும் யூனிட்டில் இது பெரிய பொறுப்பு.

இரண்டாவது, உப்புப் பூப்பு. மிச்சமிருக்கும் சோடியம் மழை ஈரத்தில் மேலே வந்து காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். சிவப்புக் கல் விரித்த முற்றம் ஒரு மழைக்குப் பிறகு சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஆகும். வாங்கியவர் லோடைத் திருப்பி அனுப்புவார். நானோ சிலிக்கா இதைக் கொஞ்சம் குறைக்கும், சூடேற்றாமலே இறுகவும் உதவும். ஆனால் போட்டதில் பெரும்பங்கு காரத்தில் கரைந்து, விலை கூடிய சோடியம் சிலிகேட்டாக மாறிவிடுகிறது. ஸ்லாக் பாதிக்கு மேல் இருந்தால் வெயில் நாளில் ஏற்கெனவே அரை மணிக்குள் இறுகும் கலவை இன்னும் அவசரப்படும். சாயமில்லாத சாம்பல் நிறக் கல், அதுவும் நிரந்தர ஆட்கள் இருக்கும் யூனிட் என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

டைட்டானியம், கிராஃபீன், உமிச்சாம்பல்

சவரையிலும் திருவனந்தபுரத்திலும் டைட்டானியம் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் அடிக்கடி வரும் கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு போட்டால் பாசி பிடிக்காதாமே? வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நானோ அனடேஸ் வகை மேலுள்ள அழுக்கையும் பாசியையும் கொஞ்சம் சிதைக்கும் என்பது உண்மை. பெயிண்டுக்கு விற்கும் ரூட்டைல் நிறமி அந்த வேலை செய்யாது; பெயிண்டைக் கெடுக்கக்கூடாதென்று அதன் துகளுக்கு மேல் பூச்சுக் கொடுத்தே செய்கிறார்கள். நம் முற்றத்தில் பாசி பிடிப்பதோ பலா, தென்னை நிழலில். நிழலில் இது தூங்கும். போடுவதானால் முகப்பக்கம் 5 முதல் 10 மி.மீ. அடுக்கில் மட்டும் போடுங்கள். கிளிங்கரைக் குறைக்க இது எந்த உதவியும் செய்யாது.

கிராஃபீன் ஆக்சைடு பைண்டரில் 0.03 சதவீதம் போதும், ஒரு கன மீட்டருக்கு 120 கிராம். அந்த 120 கிராமைக் கட்டியில்லாமல் பரப்பத்தான் அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். சிமெண்டின் கால்சியம் பட்டதும் இதுவும் ஒன்றுகூடும். ஆய்வகத்துக்குச் சரி. கார்பன் நானோ குழாயும் அப்படியே.

உமிச்சாம்பல் வேறு கதை. உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. 700 டிகிரிக்குக் கீழே கட்டுப்பாட்டோடு எரித்து நன்றாக அரைத்தால் சிலிக்கா ஃபியூமுக்கு (சிலிக்கான் உலைப் புகையில் பிடிக்கும் நுண்பொடி) நெருங்கும். அரிசி ஆலை கொதிகலனிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் கறுப்புச் சாம்பல் அதுவாகாது: எரியாத கரி, அதிகச் சூட்டில் படிகமான சிலிக்கா, பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும் துளைகள். கரி அட்மிக்ஸ்சரையும் விழுங்கும், வெளிர்நிறக் கல்லையும் கறுப்பாக்கும். இதிலிருந்து நானோ சிலிக்கா எடுக்கலாம் என்று காணொளிகளில் காட்டுவது காரத்தில் கரைத்து அமிலத்தில் வீழ்த்தும் முறை; பின்னால் மிஞ்சும் உப்புத் தண்ணீரை எந்த ஓடையில் விடுவது என்று அதில் சொல்வதில்லை.

முடிவெடுக்கும் முன் நாலு பேட்ச்

ஒரே நாள், ஒரே எம்-சாண்ட், ஒரே இளக்கம். முதல் பேட்ச் 25 சதவீதச் சாம்பல். இரண்டாவது 40 சதவீதம். மூன்றாவது 40-உம் 1 சதவீத சோலும். நான்காவது 40 சதவீதச் சாம்பலோடு, சிமெண்டில் 5 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சிலிக்கா ஃபியூம். இளக்கத்தைத் தண்ணீரால் சரிசெய்யாமல் அட்மிக்ஸ்சரால் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் 1, 3, 7, 28 நாளுக்கு பலம் சோதிக்க மூன்று கியூப் வீதம் பன்னிரண்டு. கூடவே ஐம்பது கல்.

24 மணியில் ஐம்பதையும் கழற்றி மூலை உடைந்ததை எண்ணுங்கள். கியூப் எண்ணைவிட இதுதான் பேசும். 28-ம் நாளில் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டி நின்று, உடைந்த மூலையும் ஏறக்குறைய சமம் என்றால் சிலிக்கா ஃபியூம் போதும், சோல் கேனைத் திருப்பி அனுப்பலாம். மூன்றாவது மட்டும் சுத்தமாகக் கழன்றால் சோலுக்கு மழைக்கால வேலை உண்டு. இந்தச் சோதனையை ஏப்ரல் வெயிலில் செய்தால் நான்குமே பாஸாகிவிடும். ஜூனில், மூன்று நாள் விடாத மழைக்கு நடுவில் செய்யுங்கள்.